ரேஞ்சுக்குப் போக மனம் வரவில்லை என்று எழுதிய தம்பிக்கு

டர்பனில் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 47. பதினைந்து வருடத்துக்கு மேலாக ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் மைதானத்தில், இலக்குச் சுடுகிறவர். கையில் ஒரு .22 ரைஃபிள், ஒரு 9 மி.மீ. பிஸ்டல். "முன்பெல்லாம் சனிக்கிழமை விடிந்தால் ரேஞ்ச்தான் அண்ணா. இப்போது பையை எடுக்கவே கை வரமாட்டேன் என்கிறது. போன வருடம் .22-க்கு நல்ல ஸ்கோப் ஒன்று வாங்கிப் போட்டேன். ஒரு மாதம் ஆசையாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். மகளுக்குப் பதின்மூன்று வயது. கற்றுக்கொடுங்கள் அப்பா என்கிறாள். எனக்கே பிடிப்பில்லை, அவளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? பேசாமல் விற்றுவிடலாமா?" என்று கேட்கிறார்.

தம்பி, விற்பதைப் பற்றிக் கடைசியில் பேசலாம். முதலில் எழுந்து போய் லைசென்ஸ் அட்டையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். அடிக்கடி ரேஞ்சுக்குப் போகிறவருக்கு அது ஞாபகத்தில் இருக்கும். பெட்டகத்தில் தூங்கும் துப்பாக்கிக்குத்தான் தேதி சத்தமில்லாமல் தாண்டிப் போகும். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தற்காப்புக்கென்று 13-ஆம் பிரிவில் வாங்கிய லைசென்ஸ் 5 ஆண்டுக்குத்தான். விளையாட்டுக்கும் வேட்டைக்கும் 15, 16-ஆம் பிரிவுகளில் வாங்கியது 10 ஆண்டு. முடிய 90 நாள் இருக்கும்போதே புதுப்பிக்க மனுப் போட்டுவிட வேண்டும். அந்த விதிகளை எதிர்த்துப் போன வழக்கில், அவை செல்லும் என்று 2018 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே தேதி தாண்டியிருந்தால் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு ரேஞ்சுக்குக் கிளம்பாதீர்கள். முதலில் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் துப்பாக்கி விவகாரம் பார்க்கும் அதிகாரியிடம் போய் வழி கேளுங்கள். தேதி இருக்கிறது என்றால் சரி, மேலே படியுங்கள்.

கடிதத்தில் நீங்களே ஒரு துப்புக் கொடுத்திருக்கிறீர்கள். ஸ்கோப் வந்ததும் ஒரு மாதம் ஆசை திரும்பியது என்கிறீர்கள். புதுப் பொருள் வாங்கிய குஷி என்று நீங்கள் அதைத் தள்ளிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல வருடம் இரும்பு சைட்டில் (ஸ்கோப் என்ற தொலைநோக்கி இல்லாமல், குழலின் மேலுள்ள குறிமுனைகளை வைத்து) சுட்ட ஒருவருக்கு 47 வயதில் திடீரென்று எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஆசை வந்ததன் காரணம் பாதி அதுதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளெழுத்து யாரையும் விடாது. நாற்பதைத் தாண்டினால் பத்திரிகையைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்போம், கண்ணாடிக் கடைக்குப் போவோம், அதை ஒரு பெரிய விஷயமாக நினைக்க மாட்டோம். ஆனால் ரைஃபிளின் முன் சைட் கண்ணிலிருந்து முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. படிக்கிற கண்ணாடிக்கு அது தூரம். தூரப் பார்வைக் கண்ணாடிக்கு அது கிட்டம். இரண்டிலும் மங்கல். மங்கலாகத் தெரிகிறது என்று மனசு சொல்வதில்லை, "இன்றைக்கு நாள் சரியில்லை" என்றுதான் சொல்லும். அப்படிப் பல நாள் சரியில்லாமல் போனால் மனிதன் பையை எடுக்க மாட்டான். சுடுவதில் ஆர்வம் போய்விட்டது என்று என்னிடம் சொன்ன நடுத்தர வயதுக்காரர்களில் பலரை நான் முதலில் அனுப்புவது கண் பரிசோதனைக்குத்தான்.

இதை இப்போதே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். படிக்கிற கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையைக் கண்ணுக்கு ஒட்டி வைத்து மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் பாருங்கள். நல்ல வெளிச்சம் இருந்தால் எழுத்து கூர்மையாகத் தெரியும். சின்னத் துளை கண்ணுக்குக் கிட்டமும் தூரமும் ஒரே நேரத்தில் ஓரளவு தெளிவாக இருக்கும்படி செய்துவிடுகிறது. இலக்கு ரைஃபிள்களில் பின்னால் இருக்கும் துளை சைட் இந்த வேலையைத்தான் பார்க்கிறது. ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு ஒரு நல்ல துளை சைட் போட்டுப் பாருங்கள். துளையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது. கண் மருத்துவரிடம் போகும்போது கண்ணிலிருந்து முன் சைட் வரை டேப்பால் அளந்த தூரத்தை எழுதிக்கொண்டு போங்கள். தூரப் பார்வைக்கான பவரின் மேல் ரைஃபிளுக்கு +0.50, பிஸ்டலுக்கு +0.75 என்பது வழக்கமான தொடக்கக் கணக்கு. உங்கள் கண்ணுக்கு எது என்று அவர் பார்த்துச் சொல்வார். இரண்டு பவர் உள்ள பைஃபோக்கலைப் போட்டுக்கொண்டு சுடாதீர்கள். தலையைத் தூக்கித் தாழ்த்தியே கழுத்து பிடித்துக்கொள்ளும்.

சரி, கண் தெளிந்தது. அடுத்த மாதமே ஆசை ஏன் போனது?

நீங்கள் எழுதியதை வைத்து ஊகிக்கிறேன். மேசையில் மணல் பை, அதன் மேல் ரைஃபிள், மேலே ஸ்கோப், 25 மீட்டர். பத்துத் தோட்டாவும் ஒரே ஓட்டையில். முதல் வாரம் படம் எடுத்து அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் வாட்ஸாப்பில் அனுப்பியிருப்பீர்கள். நாலாவது வாரம் என்ன மிச்சம்? அடுத்த குண்டு எங்கே போகும் என்பது சுடும் முன்பே தெரிந்துவிட்டால் அது பொழுதுபோக்கே இல்லை, தோட்டாச் செலவு. மறுபக்கம், பிஸ்டலை எடுத்தால் எங்கே போகும் என்று ஒன்றுமே தெரியாது; அட்டை முழுக்க அம்மை போட்ட மாதிரி ஓட்டை. அதிலும் சுவாரசியம் கிடையாது. எங்கே போகும் என்று நாம் நினைத்ததற்கும் போய் விழுந்த இடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே, இந்த விளையாட்டின் ருசி முழுக்க அங்கேதான். அதைத் திரும்பப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. காசு செலவில்லை.

ஒரே மாதிரி இரண்டு இலக்கு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 50 மீட்டரில். இன்னொன்று உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில், ஒரு பென்சிலோடு. சுடுங்கள். டிரிகர் உடைந்த, அதாவது குண்டு கிளம்பிய, அந்தக் கணத்தில் சைட் எங்கே இருந்தது என்பதை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டு, பைனாகுலரையோ ஸ்பாட்டிங் ஸ்கோப்பையோ தொடும் முன், பக்கத்து அட்டையில் அந்த இடத்தில் புள்ளி வையுங்கள். எண்ணும் போடுங்கள். அப்புறம்தான் பார்க்க வேண்டும். இப்படி இருபது தோட்டா, அதற்கு மேல் வேண்டாம். முன்பு நூறு தோட்டா சுட்ட நேரம் இந்த இருபதுக்கே ஆகிவிடும்.

முடிந்ததும் இரண்டு அட்டையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வலது பக்கம் விலகியது என்று புள்ளி வைத்தீர்கள், குண்டும் அங்கேதான் விழுந்திருக்கிறது என்றால் கவலையே இல்லை. உங்கள் கண் உண்மையைச் சொல்கிறது, ஆட்டம்தான் கூடுதல். அதற்கு நிற்கும் நிலையைச் சரிசெய்ய வேண்டும். கண்ணை மூடி இரண்டு முறை மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். சைட் இலக்கைவிட்டு விலகி நின்றால், கையால் இழுத்து வைக்காமல் காலை நகர்த்துங்கள். படுத்தோ உட்கார்ந்தோ சுட்டால் உடம்பையே நகர்த்துங்கள். நடுவில் என்று புள்ளி வைத்ததெல்லாம் ஒரே பக்கமாக, சேர்ந்தாற்போல் ஒதுங்கியிருந்தால் காற்றையோ சைட்டையோ சந்தேகப்படலாம். நடுவில் என்று சத்தியம் செய்தது நாலு திசையிலும் சிதறிக் கிடந்தால், தோட்டா உங்கள் ரைஃபிளுக்கு ஒத்துவரவில்லை, அல்லது டிரிகர் உடையும்போது கண் மூடிக்கொள்கிறது. முதலாவதைக் கண்டுபிடிக்க நாலைந்து பிராண்டுத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். ஒரே மாடல் ரைஃபிள் இரண்டு இருந்தாலும் இரண்டுக்கும் பிடித்த தோட்டா வேறு வேறாக இருக்கும். மூன்று மூன்றாகச் சுட்டு முடிவு கட்டுகிறவர்களை நம்பாதீர்கள். மூன்று குண்டு தற்செயலாகக்கூட ஒரே இடத்தில் விழும்.

இரண்டாவது, அதாவது கண்ணை மூடுவது, பிஸ்டலில் அதிகம். நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, நடுநடுவே டம்மித் தோட்டாவைக் கலந்து போட்டுத் தரச் சொல்லுங்கள். டம்மி வரும்போது வெடி இருக்காது, ஆனால் உங்கள் கை முன்னால் குனிந்து முட்டும். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துவிட்டு இன்னொரு மேகசின் கேட்பீர்கள். அந்த வெட்கமே பாதி மருந்து.

பிஸ்டல் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நம் பகுதிகளில் பலருக்குத் துப்பாக்கி என்றாலே மனதில் வருவது வேறு. தெருமுனையில் முறைவைத்துக் காவல் நின்ற ராத்திரிகள், டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் போன உயிர்கள், இன்றும் ஆறாத மனக்கசப்பு. அதற்கு முன் விளையாட்டுச் சாமானாக இருந்தது அந்த ஒரு வாரத்தில் வேறு பொருளாகிவிட்டது. உங்களுக்கு அப்படி நடந்ததா தெரியாது. நடந்திருந்தால், தற்காப்புப் பயிற்சியையும் இலக்குச் சுடுதலையும் ஒரே நாளில், ஒரே பையில் வைக்காதீர்கள். 9 மி.மீ.-க்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். சனிக்கிழமைக்கு .22 மட்டும் போகட்டும். பதற்றத்தோடு பழகிய கை வேறு, நிதானமாகக் குறிபார்க்கும் கை வேறு. இரண்டையும் கலந்தால் நிதானம்தான் முதலில் போகும்.

காற்றுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நீளும்.

கடற்கரையில் இருக்கிற நமக்குக் கோடையில் வடகிழக்குக் காற்று, குளிர்காலத்தில் உள்நாட்டிலிருந்து மலை இறங்கி வரும் சூடான பெர்க் காற்று. காலையில் ஒன்றுமிருக்காது, பதினொரு மணிக்குக் கொடி படபடக்கும். இதைத் தொல்லை என்று நினைத்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். நான் அப்போதுதான் ரைஃபிளை எடுங்கள் என்பேன். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று, 50 மீட்டர் தூரத்தில் .22 தோட்டாவை ஏறத்தாழ ஓர் அங்குலம் தள்ளிவிடும். ஒலிம்பிக் 50 மீட்டர் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடு வளையத்தின் குறுக்களவு 10.4 மி.மீ. மட்டுமே. அப்படியென்றால் காற்றைப் பார்க்காமல் சுட்டவருக்குப் பத்து கனவு.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. வேகமான தோட்டா காற்றில் குறைவாக ஒதுங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெட்டியில் 'ஹை வெலாசிட்டி' என்று போட்டதைக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு. .22-இல் கதை நேர் எதிர். சாதாரண வேகத் தோட்டா நொடிக்கு 325 மீட்டர் அளவில் கிளம்புகிறது, ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. அதிவேகத் தோட்டா 375 அளவில், ஒலியைத் தாண்டி. ஒலி வேகத்தை ஒட்டியும் அதற்கு மேலும் காற்றின் தடை மிகக் கடுமையாக ஏறிவிடும். ஆகவே அதிவேகத் தோட்டா கிளம்பியதுமே வேகத்தை இழந்து தள்ள ஆரம்பிக்கிறது. குறுக்குக் காற்று தோட்டாவை எவ்வளவு ஒதுக்கும் என்பது, தோட்டா பறந்த நேரத்தைப் பொறுத்தது அல்ல. தடை என்ற ஒன்றே இல்லாதிருந்தால் எடுத்திருக்கும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமானது என்பதைப் பொறுத்தது. அதிவேகத் தோட்டாவுக்கு அந்தத் தாமதம் அதிகம், அதனால் ஒதுக்கமும் அதிகம். ஒரே காற்றில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டு நீங்களே பார்க்கலாம். விலை குறைந்த சாதாரண வேகத் தோட்டா ஜெயிக்கும்போது உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் வரும்.

ரேஞ்சில் கொடி இல்லையென்றால் தோட்டக் குச்சியில் பிளாஸ்டிக் ரிப்பன் கட்டி, ரேஞ்ச் ஆபீசரிடம் கேட்டு, சுடுதல் நிறுத்தியிருக்கும் நேரத்தில் 15 மீட்டருக்கு ஒன்றாக நட்டு வையுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ரிப்பனுக்கு மதிப்பு அதிகம். ஆரம்பத்தில் தள்ளப்பட்ட தோட்டா மிச்ச தூரம் முழுக்க அந்தத் திசையிலேயே போகும். புள்ளி வைக்கும் அட்டையின் ஓரத்தில் ரிப்பன் எப்படி ஆடியது என்று ஒரு சின்ன அம்புக்குறி போட்டுக்கொண்டால், மூன்று நாலு சனிக்கிழமையில் உங்கள் கையில் ஒரு பொக்கிஷம் இருக்கும்.

தனியாகவே எத்தனை நாள் சுட முடியும்? மனிதன் துணை தேடுவான். இந்த நாட்டில் துணைக்குப் பஞ்சமில்லை. தூரத்தில் சுடுகிறவர்களுக்குத் தென்னாப்பிரிக்க பிஸ்லி யூனியன் இருக்கிறது, புளூம்ஃபொன்டைனில் கூடுவார்கள். ஓடி ஓடிச் சுடுகிறவர்களுக்கு நடைமுறைத் துப்பாக்கிச் சங்கம். உங்கள் .22-க்கு நான் சொல்வது உலோக உருவம் சுடுவது. மெக்சிகோவில் பிறந்த விளையாட்டு. இரும்புத் தகட்டில் வெட்டிய கோழி 40 மீட்டரில், பன்றி 60-இல், வான்கோழி 77-இல், செம்மறிக் கடா 100 மீட்டரில். நின்றுகொண்டு, எந்தத் தாங்கலும் இல்லாமல் சுட வேண்டும். ஐந்து உருவத்துக்கு இரண்டரை நிமிடம். பட்டால் மட்டும் போதாது, தட்டு மேடையிலிருந்து விழ வேண்டும். கோழி சின்னது, ஆனால் கிட்டத்தில். கடா பெரியது, ஆனால் தோட்டா போய்ச் சேர்ந்து டங் என்று சத்தம் திரும்பி வருவதற்குள் ஒரு யுகம் போன மாதிரி இருக்கும். வான்கோழிதான் எல்லோரையும் அழவைப்பது. உயரமாக, ஒல்லியான கழுத்தோடு நிற்கும், கொஞ்சம் காற்று இருந்தாலே போச்சு. மேசையில் வைத்து ஒரே ஓட்டையில் போட்டவர் இங்கே நாற்பதில் பத்து விழுத்தினால் நல்ல நாள். உங்களுக்குத் தேவை இந்த மாதிரி ஓர் அடிதான்.

முதுகு வலிக்கிறது, நிற்க முடியாது என்றால் மேசையில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டி இருக்கிறது. ஓர் அட்டையில் 25 வட்டம் இருக்கும், வட்டத்துக்கு ஒரே தோட்டா, மொத்தம் 250 மதிப்பெண். மேசைதான், ஸ்கோப்தான், ஆனால் ஒரு வட்டத்தில் தவறினால் திருத்திக்கொள்ள முடியாது. அதுவும் இல்லையா, ஜோகன்னஸ்பர்க்கில் உங்கள் சொந்தக்காரர் யாராவது சுடுவார்கள். இருவரும் ஒரே அட்டையை அச்செடுத்து, மாதம் ஒன்று சுட்டுப் படம் அனுப்பிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கிளப்புகள் தபாலில் அட்டை அனுப்பிப் போட்டி வைத்ததுண்டு, அதேதான். ஒரு விஷயம் மட்டும் அவரிடம் கறாராகப் பேசிவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றின் அடர்த்தி நம்முடையதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, தோட்டா ஒதுங்குவதும் ஏறத்தாழ அந்தக் கணக்கில் குறையும். உங்களுக்கு இரண்டு மதிப்பெண் சலுகை தரச் சொல்லுங்கள். தரமாட்டார், ஆனால் கேட்டு வையுங்கள்.

இனி மகள். உங்கள் ஆர்வம் திரும்பிய பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இப்போதே ஆரம்பியுங்கள், ஆனால் .22-இல் வேண்டாம். ஒரு 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கி வாங்குங்கள். இங்கே அதற்கு லைசென்ஸ் தேவையில்லை, 500 ரவை (சின்ன ஈயக் குண்டு) உள்ள டப்பாவும் தோட்டா விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை. லைசென்ஸ் இல்லை என்பதற்காகக் கொல்லைப்புறத்தில் நின்று குரங்கைச் சுடலாம் என்று அர்த்தம் இல்லை. குடியிருப்புப் பகுதியில் தக்க காரணமில்லாமல் காற்றுத் துப்பாக்கி சுடுவதும் சட்டப்படி குற்றம். கிளப்புக்கே கூட்டிப் போங்கள், அங்கே வேறு பிள்ளைகளும் இருப்பார்கள். அவளுக்குப் பிற்பாடு உங்கள் .22-ஐத் தொட ஆசை வந்தால், லைசென்ஸ்காரர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்க்கும்போது இன்னொருவர் சுடச் சட்டம் இடம் கொடுக்கிறது. சொந்த லைசென்ஸுக்கு 21 வயது ஆக வேண்டும்.

முதல் நாள் துப்பாக்கியைக் கையில் கொடுக்கும் முன் எந்தக் கண் ஆளும் கண் என்று பாருங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே உங்கள் மூக்கைப் பார்க்கச் சொன்னால் போதும். ஓட்டைக்குப் பின்னால் எந்தக் கண் உங்களுக்குத் தெரிகிறதோ அதுதான். வலது கைக்காரப் பிள்ளைக்கு இடது கண் ஆளுவது சாதாரணம். அப்படியென்றால் ஆரம்பத்திலேயே இடது தோளில் வைத்துப் பழக்கிவிடுங்கள், ஒரு வாரம் கோணலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். ஒரு ஸ்டூலிலோ மணல் பையிலோ துப்பாக்கியின் பாரத்தைத் தாங்கக் கொடுங்கள். ஸ்பிரிங் ரைஃபிளாக இருந்தால் இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகப் பிடிக்க வேண்டும், இறுக்கினால் ரவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போகும். ரவை இல்லாமல் ஸ்பிரிங் ரைஃபிளைச் சுடவே கூடாது, உள்ளே பிஸ்டன் மோதிக் கெட்டுவிடும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. ஈயம் பிள்ளைகளுக்கு நல்லதில்லை. .22 சுடும் இடத்தில் நின்றால் காதுக்கும் மூடி வேண்டும், சத்தம் குறைவு என்று ஏமாறாதீர்கள்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதைக் காட்டி, 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் புள்ளியைச் சுட்டுத்தான் என்று சொல்லுங்கள். 2012-இல் லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் எடுத்தார். இளவேனில் என்ற பெயரை உலகத்து அறிவிப்பாளர்கள் படும் பாட்டோடு உச்சரிக்கும் காணொளியை அவளோடு உட்கார்ந்து பாருங்கள், அதுவே ஒரு பாடம். இந்த ஆட்டத்தில் இன்று ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே தூரம், அதே அட்டை, அதே 60 ரவை. ஆகவே அவளும் நீங்களும் சமமாகவே மோதலாம். இரண்டு வருடத்தில் அவள் உங்களை முந்திவிடுவாள் என்பது என் கணிப்பு. அப்போது சனிக்கிழமை காலையில் உங்களை எழுப்பி விடுவது அவளாக இருக்கும்.

ரேஞ்சுக்குப் போகாத வாரத்தில், வீட்டில் வெற்று டிரிகர் பயிற்சி பத்து நிமிடம். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து காலியா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத கெட்டிச் சுவரைப் பார்த்து. .22-ஐ வெறும் அறையோடு தட்டினால் சில ரைஃபிள்களில் ஊசி அறை விளிம்பில் மோதும். சரியான அளவு பிளாஸ்டிக் சுவர் பிளக் ஒன்றைப் போட்டுத் தட்டுங்கள். இதிலும் புள்ளி வைக்கும் விளையாட்டு செல்லும்: உடைந்த கணத்தில் சைட் எங்கே இருந்தது?

டர்பன் ஈரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டகத்தில் சிலிக்கா ஜெல் வையுங்கள், மாதம் ஒரு தரம் மாற்றுங்கள், நுரை போட்ட பைக்குள் ரைஃபிளை மூடி வைக்காதீர்கள், அது ஈரத்தைக் குடித்துத் துருவைக் கக்கும். அப்புறம், ரேஞ்சிலிருந்து திரும்பும் வழியில் காரில் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவது) சாப்பிட இறங்க வேண்டாம். முதலில் வீடு, பெட்டகம், பூட்டு. பன்னி எங்கேயும் ஓடிவிடாது.

கடைசியாக, விற்பது. 9 மி.மீ. உங்களுக்குப் பாரமாக இருந்தால் லைசென்ஸ் உள்ள டீலர் மூலம் கொடுத்துவிடுங்கள், நான் தடுக்க மாட்டேன். .22-ஐ மட்டும் கொடுக்காதீர்கள். விற்க ஒரு கையெழுத்துதான். திரும்ப வாங்க நினைத்தால் மனு, விரல் ரேகை, பெட்டகச் சோதனை, பிரிட்டோரியாவிலிருந்து பதில் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பு. தோட்டாவையும் மூட்டையாக வாங்கி அடுக்க வேண்டாம். 16-ஆம் பிரிவில் அர்ப்பணிப்புள்ள விளையாட்டு வீரர் என்ற தகுதி இல்லாதவர் ஒரு துப்பாக்கிக்கு 200-க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சனிக்கிழமைக்கு இருபது தோட்டா சுடப்போகிறவருக்கு 200 தாராளம். இந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு அட்டை, ஒரு பென்சில், சாதாரண வேகத் தோட்டாவில் ஒரு பெட்டி. போய்விட்டு வந்து அந்த இரண்டு அட்டையையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சைட்டா, காற்றா, கண்ணா என்று பார்த்துச் சொல்கிறேன்.